காற்றாலைக் கோபுரத்தில் ஆள் ஒளித்த கதை

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நடக்கிற மாதிரி ஓர் அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ட்ரோன்கள் ஊரையே மேய்கிற காலம், கைவிட்ட காற்றாலைக் கோபுரத்துக்குள் ஒரு கும்பல் பதுங்கியிருக்கிறது. அதைப் படித்துப் பார்த்த மாமா ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டார்: "ஏன்டா, ராத்திரி வெப்பக் கேமரா வச்சுப் பார்த்தா தெரியாதா?"

தெரியும்தான். அந்தக் கேமரா எஃகுச் சுவரை ஊடுருவாது, சுவரின் வெளிப்பக்கம் எவ்வளவு சூடு என்பதைத்தான் காட்டும், ஆனால் இருட்டியதும் எஃகு சீக்கிரம் ஆறிவிடுவதால் உள்ளே அடுப்பு எரிந்தால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். அதனால் சமையலை உச்சிவெயிலுக்கு மாற்றினேன். கோபுரமே தகிக்கும்போது அடுப்புச் சூட்டை யார் பிரித்துப் பார்ப்பது? (உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள், அது அவர்கள் தலைவிதி.) ராத்திரியில் எல்லோரும் சுவரை ஒட்டாமல் நடுவில், அடித்தளக் கான்கிரீட் மேல் படுக்கிறார்கள். சுவரின் உள்பக்கம் வைக்கோலும் சாக்கும்.

அப்புறம் புகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும், வாசனையெல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடும். இருந்தாலும் கருவாட்டுக்குத் தடை போட்டுவிட்டேன்.

ஏணிதான் பெரிய தொல்லை. குழாய்க் கோபுரத்தில் ஒரு படியில் கால் வைத்தாலும் அடி முதல் நுனி வரை கணகணக்கும். பழைய டயரை அறுத்துப் படிகளில் கட்டினேன், சரியாகிவிட்டது. உடனே மாமா தண்ணீருக்கு என்ன வழி என்றார். பக்கத்துத் தென்னந்தோப்பு போர்வெல்லைக் காட்டிவிட்டேன், திருட்டுத் தண்ணீர்தான்.