படைப் பொருள்களின் காந்தமும் உயரமுக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருதமுனைக் கைத்தறிக் கடையில் கட்டம் போட்ட சாரன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்து கையால் அழுத்தினால் அடுக்கின் உயரம் குறைவதை மட்டுமே முதலில் காண்போம். கையை எடுத்தபின் ஓரத்தைக் கவனித்தால், ஒரு சாரன் மற்றொன்றின் மேல் விரற்கடை அளவு வழுக்கி, மேற்கட்டமும் கீழ்க்கட்டமும் பொருந்தாமல் நிற்பது தெரியும். அணுக்கள் தாள் தாளாக அடுக்கிய படைப் பொருள்களுக்கு அமுக்கம் கொடுக்கும்போது நேரும் மிகப் பெரிய தவறு, உயரம் குறைவதை மட்டும் கணக்கில் எடுத்து இந்த வழுக்கலை மறந்துவிடுவதாகும்.

குரோமியம் மூவயடைட்டு இதற்குச் சிறந்த சான்று. அதன் ஒற்றைப் படை ஏறத்தாழ 45 கெல்வினுக்குக் கீழே காந்தமாக இருப்பது 2017இல் காட்டப்பட்டது. இரண்டு படைகளை எடுத்துக்கொண்டாலோ, ஒவ்வொரு படையும் தனக்குள் அயக்காந்தமாக (அணுக்களின் காந்தத் திசைகள் ஒரே பக்கம் நோக்கியதாக) இருந்தபோதிலும், ஒன்று மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் திரும்பி மொத்தக் காந்தம் அற்றுப்போகிறது. 2019இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் சுமார் 2 கிகாபஸ்கால் (ஏறத்தாழ 20,000 வளிமண்டல) அமுக்கத்தில் இந்த எதிர்த்திசை ஒழுங்கை ஒரே திசை ஒழுங்காக மாற்றிக் காட்டின. இதைப் படிக்கும் மாணவர்கள் பலர் “படைகள் நெருங்கியதால் மாறியது” என்று எழுதிவிடுகிறார்கள். நெருங்குதல் மட்டும் காரணமாயின், அமுக்கத்தை விட்டதும் பழைய ஒழுங்கு திரும்பியிருக்க வேண்டும், அது திரும்பவில்லை. ஒரு படை பக்கவாட்டில் வழுக்கி, அடுக்கு முறையே வேறாகி, அவ்வாறே நின்றுவிட்டது. ஆகவே அமுக்கத்தை ஏற்றும்போது மட்டுமன்றி இறக்கும்போதும் அளந்தாலொழிய எது நெருக்கத்தின் விளைவு, எது வழுக்கலின் விளைவு என்று பிரித்தறிய இயலாது.

இதே பொருளின் தடித்த பளிங்கு 61 கெல்வினுக்குக் கீழே முழுமையாக அயக்காந்தமாகிறது என்பதால், தடித்த பளிங்கின் அளவீட்டை மெல்லிய படைக்கு அப்படியே பொருத்துவதும் தவறே.

“அமுக்கினால் அணுக்கள் நெருங்கும், நெருங்கினால் காந்தம் வலுக்கும்” என்னும் எண்ணமும் பரவலாக உண்டு. குரோமியம், ஜேர்மானியம், தெலூரியம் சேர்ந்த படைப் பொருளில் முதல் 1 கிகாபஸ்காலுக்குள்ளேயே கியூரி வெப்பநிலை, அதாவது குளிரும்போது அயக்காந்த ஒழுங்கு தோன்றும் வெப்பநிலை, இறங்குகிறது. இரு குரோமிய அணுக்கள் தெலூரியத்தின் வழியாக ஏறத்தாழ செங்கோணத்தில் இணையும்போது அவற்றின் காந்தத் திசைகள் ஒருமுகப்படுகின்றன. அதே அணுக்கள் நேரடியாக நெருங்கினால் எதிரெதிராகத் திரும்ப விழைகின்றன. அமுக்கம் இந்த இரண்டையும் ஒருசேரத் தொடுகிறது, வெல்வது எது என்பது பொருளுக்குப் பொருள், அமுக்கத்துக்கு அமுக்கம் மாறும்.

மின்தடை விழுந்து பொருள் உலோகமானால் காந்தமும் மறைந்துவிட்டதெனக் கொள்வது வேறொரு அவசரம். இரும்பு, பொசுபரசு, கந்தகம் கொண்ட படைப் பொருள் சுமார் 14 கிகாபஸ்காலில் உலோகமாகிறது. நியூத்திரன் ஆய்வோ அந்நிலையிலும் அருகருகே உள்ள அணுக்களுக்கிடையிலான குறுகிய தூரக் காந்த ஒழுங்கு எஞ்சியிருப்பதைக் காட்டியது.

இனி அளவீடு. கணிப்பில் கவனமாக இருப்பவர்களும் இடறுவது இங்கேதான். 1 கிகாபஸ்கால் ஏறத்தாழ 10,000 வளிமண்டல அமுக்கம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையான சாலையை நிமிர்த்தி வைத்தது போன்ற, ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயர நீர்த்தூணின் பாரம். திரவம் நிரப்பிய உலோகக் கலத்தில் இரு வைர முனைகளுக்கிடையில் பிறக்கும் இந்த அமுக்கத்தை, உடன் வைத்த மாணிக்கத் துணுக்கு பச்சை லேசர் பட்டு வெளிவிடும் சிவப்பு ஒளியைக் கொண்டே அளக்கிறோம். அறை வெப்பநிலையில் 694.2 நனோமீற்றரில் நிற்கும் அந்த ஒளியின் நிறமாலைக் கோடு, கிகாபஸ்காலுக்கு 0.365 நனோமீற்றர் வீதம் நீண்ட அலைநீளத்தை நோக்கி நகரும். ஆனால் காந்த ஆய்வோ கடுங்குளிரில் நடப்பது. குளிரூட்டுவதாலேயே அதே கோடு 0.8 நனோமீற்றருக்கும் சற்று மேலாக எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடும். அறை வெப்பநிலைக் குறிப்பெண்ணையே வைத்துக் கணக்கிட்டால் அமுக்கம் 2 கிகாபஸ்காலுக்கு மேல் குறைவாகத் தெரியும். விடை எதிர்க்குறியில் வந்தால் நல்லதுதான், பிழை உடனே பிடிபட்டுவிடும். உண்மையில் 3 ஆக இருப்பது ஒன்றுக்கும் குறைவாக, நம்பத்தக்க எண்ணாகத் தெரிவதே ஆபத்து.

அறையில் அளந்த எண்ணைக் குளிருக்கும் எழுதிவிடுவது தீர்வாகாது, ஏனெனில் குளிரும்போது கலத்தின் உலோகமும் உள்ளிருக்கும் திரவமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் அமுக்கமே மாறிவிடும். அத்திரவம் உறைந்தபின் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தவும் மாட்டாது. மேலிருந்து கூடுதலாகவும் பக்கவாட்டில் குறைவாகவும் அழுத்தும் அந்நிலையில், எளிதில் வழுக்கும் படைகள் அமுக்கத்தால் நகர்ந்தனவா, சமமின்மையால் தள்ளப்பட்டனவா என்பது தெரியாமலே போகும். மாணிக்கத் துணுக்குகள் இரண்டு மூன்றை வெவ்வேறு இடங்களில் வைத்து, ஒவ்வொரு வெப்பநிலையிலும் அவற்றின் கோடுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அதனால்தான்.