வீட்டுக் கல்வியில் கணக்கு: பல பாடத்திட்டங்களைக் கலக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழக அரசின் சமச்சீர்ப் பாடநூல், மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல், அமெரிக்க இணையதளமான கான் அகாடமியின் வீடியோக்கள். மூன்றும் இணையத்தில் இலவசம். கோவை, ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பவர்கள் இவற்றைக் கொண்டே 8-ஆம் வகுப்பு வரை கணக்கை முடித்துவிடலாம். எதை முதலில், எதைப் பின்னால் நடத்துவது என்று எந்தப் புத்தகம் முடிவு செய்கிறது என்பதில்தான் சிக்கல்.

இன்றைக்கு இதில் ஒரு பாடம், நாளைக்கு அதில் ஒன்று என்று தாவுவதுதான் பெரிய தவறு. சமச்சீர் 6-ஆம் வகுப்பில் விகிதமும் விகித சமமும் முதல் பருவத்தில் வருகிறது; அந்த வகுப்பின் பின்னப் பாடம் மூன்றாம் பருவத்தில்தான். 5-ஆம் வகுப்பிலேயே பின்னம் ஓரளவு பழகியிருக்கும் என்ற கணக்கில் எழுதப்பட்டது அது. என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் கொண்டுவந்த 6-ஆம் வகுப்புப் புத்தகத்தில் பின்னம் 7-ஆவது பாடம். விகிதத்துக்குத் தனிப் பாடமே இல்லை. இப்படித் தாவும்போது, பின்னத்தைச் சுருக்கத் தெரியாத பிள்ளையிடம் 12:18 என்பதை 2:3 ஆக்கச் சொன்னால் அது விதியை மனப்பாடம் செய்யும். அடுத்த வாரம் 15:35 வந்தால் விழிக்கும்.

அதனால் ஒரு புத்தகத்தை அடிப்படையாக வைத்து, வருடம் முழுக்க அதன் வரிசையிலேயே போங்கள். தொடங்கும் முன் இரண்டு புத்தகங்களின் பாடத் தலைப்புகளையும் ஒரே தாளில் அருகருகே எழுதி, ஒத்த பாடங்களைக் கோடிட்டு இணைத்துவிடுங்கள். இணையாமல் தனியே நிற்பவைதான் பின்னால் ஓட்டையாகும். இரண்டாவது புத்தகத்திலிருந்து வாரம் ஒரு நாள், ஐந்தாறு வாக்கியக் கணக்குகள் போதும். இரண்டிலும் எல்லாப் பயிற்சியையும் போடச் சொன்னால் பிள்ளைக்குக் கணக்கே வெறுத்துவிடும்.

குறியீட்டு வேறுபாடுகளை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாம் 12,34,567 என்று எழுதுவதை அமெரிக்கப் பாடங்கள் 1,234,567 என்று எழுதும். கூட்டல், பெருக்கல் போன்றவற்றில் எதை முதலில் செய்வது என்ற செயல் வரிசையை ஒருவர் 'பிட்மாஸ்' என்பார், இன்னொருவர் 'பெம்டாஸ்' என்பார். முன்னதில் வகுத்தல் முதலில், பின்னதில் பெருக்கல் முதலில் வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்புவார்கள். பெருக்கலும் வகுத்தலும் சம நிலை, இடமிருந்து வலமாகப் போக வேண்டும். 24÷4×2 என்பதற்கு விடை 12; பெருக்கலை முதலில் செய்தால் 3 என்று தப்பாக வரும்.

வெளிநாட்டுப் பயிற்சித்தாளில் வரும் அங்குலம், டாலர் கணக்குகளை அப்படியே கொடுக்காதீர்கள். தசமத்துக்கு நம் ஊர் நில அளவையை விட நல்ல கருவி கிடையாது. ஒரு ஏக்கர் 100 சென்ட். 2.5 ஏக்கர் தோட்டத்தை "ரெண்டு ஏக்கர் அஞ்சு சென்ட்" என்று பிள்ளை படித்தால் இடமதிப்பு பிடிபடவில்லை என்று அர்த்தம். அது 2 ஏக்கர் 50 சென்ட், 2.05 என்றால்தான் 5 சென்ட். இரண்டையும் நூறு கட்டம் போட்ட தாளில் நிழலிடச் சொல்லுங்கள்.

வகுப்பு எண்ணை நம்பி அடுத்த பாடத்திட்டத்துக்கு மாற்றுவதும் தவறு. புதிய புத்தகத்தின் முந்தைய வகுப்பில் பாடத்துக்கு இரண்டு கணக்கு எடுத்துப் போடச் சொல்லி, எங்கே திணறுகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

பழைய புத்தகம் வாங்கும்போது பதிப்பு ஆண்டைப் பாருங்கள். சமச்சீர் 6-ஆம் வகுப்பு நூல் 2018-இல் மாறியது. அதற்கு முந்தைய புத்தகத்தோடு இன்றைய வழிகாட்டி நூல் ஒத்துவராது. பிடிஎஃப் முழுவதையும் அச்செடுக்காமல், பாடத்தைத் திரையில் படித்துப் பயிற்சிப் பக்கங்களை மட்டும் எடுங்கள்.

10-ஆம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு ஓராண்டு முன்பே கலப்பதை நிறுத்தி அவர்கள் பாடநூலுக்கு மாறிவிடுங்கள். வணிகக் கணிதம் அதில் தனிப் பகுதியாகவே இருக்கிறது.