புது ரேசரை முகத்தில் வைக்கும் முன்: இருபக்க பிளேடு ரேசரின் துல்லியத்தைச் சோதிக்கும் முறை

இருபக்க பிளேடின் கனம் 0.1 மி.மீ.தான். அவ்வளவு மெல்லிய தகட்டுக்குத் தனியாக விறைப்பு கிடையாது. மேல்மூடியும் அடித்தட்டும் சேர்ந்து வளைத்து இறுக்கிப் பிடித்த பிறகுதான் அது கத்தியாகிறது. 1904-இல் ஜில்லெட் காப்புரிமை பெற்ற ரேசரும் இப்படித்தான் வேலை செய்தது. அதனால் மூடியிலோ தட்டிலோ நூலிழைக் கோணல் இருந்தாலும் ஒரு பக்கம் மழமழவென்று மழிக்கும், மறுபக்கம் கீறும். பிளேடு கம்பெனியை மாற்றிக்கொண்டே போவதற்கு முன் ரேசரைச் சோதியுங்கள். மூன்று துண்டாகக் கழலும், சீப்புப் பல் இல்லாத ரேசருக்கான முறை இது.

தேவையானவை: நெளியாத ஒரு பழைய பிளேடு, டார்ச், ஸ்கெட்ச் பேனா, 0.01 கிராம் காட்டும் தராசு, ஃபீலர் கேஜ். பைக் மெக்கானிக் டேப்பெட் இடைவெளி வைக்கும் தகடுக் கட்டுதான் ஃபீலர் கேஜ். சேலத்தில் எந்த லேத் பட்டறையிலும் இரவல் கிடைக்கும். தராசுக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரிந்த வெள்ளிப் பட்டறை இருந்தால் போதும்.

1. என்ன உலோகம்?
தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். மூடியை முதலில் தனியாக எடை போட்டுவிட்டு, நூலில் கட்டி, அடி தொடாமல் முழுக்கத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். மூடியின் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 6.7 அளவில் வந்தால் ஜமாக், 8-க்குப் பக்கம் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 8.5 என்றால் பித்தளை, 2.7 என்றால் அலுமினியம். கைப்பிடி உள்ளே குழலாக இருக்கலாம் என்பதால் அதை இப்படிச் சோதிக்க வேண்டாம்.

ஜமாக் என்பது துத்தநாகத்தில் சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்த்து அச்சில் வார்ப்பது. வார்ப்பு என்பதற்காக மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். நல்ல அச்சில் வந்தது நன்றாகவே மழிக்கும். ஆனால் சூடு தணியுமுன் அச்சிலிருந்து எடுத்தால் துண்டு வளையும். வார்ப்பில் நுண்துளை இருந்தால் குரோம் முலாம் கொப்பளிக்கும். முலாம் விளிம்புகளில் தடிப்பாக ஏறுவதும் வழக்கம். மூன்றையும் டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

2. மரை
கைப்பிடி முதல் இரண்டு சுற்று விரல் நுனியிலேயே வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். இடையில் பிடித்தால் மரையில் பிசிறு இருக்கிறது. பலங்கொண்டு முறுக்காதீர்கள், ஜமாக் தண்டு ஒடிந்துவிடும்.

3. பிளேடு அமர்வு
மூடியின் இரு பக்கத்துக்கும் ‘அ’, ‘ஆ’ என்றும், தட்டுக்கு ‘1’, ‘2’ என்றும் குறியிடுங்கள். பழைய பிளேடைப் பொருத்தி, கூர் இல்லாத குறுகிய முனைகளை மட்டும் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். மூடிக்கும் பிளேடுக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் பிளேடு விளிம்புவரை அழுந்தவில்லை. மழிக்கும்போது அந்த இடம் அதிரும்.

4. இடைவெளி
கூர் முனைக்கும் அடித்தட்டின் காப்பு விளிம்புக்கும் இடையே ஃபீலரைச் செருகுங்கள். மெல்லிய தகட்டில் தொடங்கி ஏறுங்கள். அழுத்தினால் பிளேடு வளைந்து பொய்க் கணக்கு காட்டும். பக்கத்துக்கு மூன்று இடம், மொத்தம் ஆறு அளவு. பெரும்பாலான ரேசர்களில் 0.5 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும். அந்த எண்ணைவிட ஆறும் ஒத்துப்போவதுதான் முக்கியம். வித்தியாசம் 0.05-க்குள் என்றால் நல்ல வேலைப்பாடு. 0.1-ஐத் தாண்டினால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

5. குற்றம் எதில்?
பிளேடை மட்டும் அரைச் சுற்று திருப்பிப் பொருத்தி மறுபடி அளங்கள். அகன்ற இடைவெளி பிளேடோடு இடம் மாறினால் பிளேடில்தான் கோளாறு. மாறவில்லையா, அடித்தட்டை மட்டும் திருப்புங்கள். இப்போது ‘1’, ‘2’ குறியோடு சேர்ந்து இடம் மாறினால் தட்டு கோணல். ‘அ’, ‘ஆ’ பக்கத்திலேயே நின்றால் மூடி கோணல். அதில் பிளேடை நிறுத்தும் முளைகள் பெரும்பாலும் இடம் தவறியிருக்கும். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் அளவு வேறாக வந்தால் முளைகள் ஒல்லியாக இருக்கின்றன, பிளேடு ஆடுகிறது. மூடியோ தட்டோ கோணல் என்றால் அரம் போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள், முலாம்தான் போகும். எழுதி வைத்த ஆறு அளவுகளையும் காட்டி மாற்றி வாங்குங்கள்.

6. வாங்கிய துல்லியம் கெடாமல்
போர் தண்ணீரில் கழுவினால் மூடிக்குள் உப்புப் படிந்து பிளேடைத் தூக்கும். வாரம் ஒருமுறை கழற்றி, சோப்பும் பழைய டூத் பிரஷும் கொண்டு தேய்த்தால் போதும். எலுமிச்சை, வினிகர் பக்கம் ஜமாக்கைக் கொண்டுபோகாதீர்கள். முலாமில் கீறல் இருந்தால் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். ஏற்காட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் துடைத்து, மூன்று துண்டாகவே காயவிடுங்கள். மூட்டம் இறங்கும் மாதங்களில் பூட்டி வைத்த ரேசர் மறுநாள் வரை ஈரமாகவே கிடக்கும். முலாம் விட்ட இடத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் துத்தநாகம் அரிக்கத் தொடங்கிவிட்டது. அன்றே நான்காவது படியின் ஆறு அளவையும் மறுபடி எடுத்துப் பாருங்கள்.