இழுத்தும் மாறாத வெளிச்சப் பட்டை

பாளையங்கோட்டையில் எங்கள் அச்சகத்துக் கணினியில் லினக்ஸ் டெஸ்க்டாப்பைப் புதுப்பித்த பிறகு, விஜிஏ கேபிளில் ஓடும் பழைய மானிட்டருக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை தோன்றியது. அதை எந்தப் பக்கம் இழுத்தாலும் வெளிச்சம் மாறவில்லை, திரைதான் சில நொடிகள் உறைந்து நின்றது. கேபிளை மாற்றியும் கிராபிக்ஸ் டிரைவரை மீண்டும் நிறுவியும் பலன் இல்லை. திரை அமைப்புகளை மாற்றும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளை படத்தை மங்கலாக்கியதே தவிர, பின்விளக்கைத் தொடவில்லை. நிறம் பார்த்துச் செய்யும் அட்டை வேலைக்கு அது ஆகாது.

கேபிள் வழியாக மானிட்டருடன் பேசிப் பார்க்கும் டிடிசியுட்டில் (ddcutil) என்ற கருவி கொண்டு சோதித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. மானிட்டர் தன் பெயரையும் ரெசல்யூஷனையும் சொல்லும் ஈடிஐடி தகவல், கேபிளுக்குள் இரு கம்பிகளில் தகவல் போய்வரும் ஐ2சி தடத்தில் பதினறும எண் 50 என்ற முகவரியில் கிடைக்கிறது. வெளிச்சத்தை மாற்றும் டிடிசி/சிஐ கட்டளையோ, அதே இரு கம்பிகள் வழியாகப் பதினறும எண் 37 என்ற முகவரிக்குப் போகிறது. எங்கள் மானிட்டர் முதலாவதற்குப் பதில் தந்தது, இரண்டாவதற்கு வாய் திறக்கவில்லை. ஆகவே, பட்டைக்கு மேல் மானிட்டரின் பெயர் சரியாகத் தெரிவதை மட்டும் வைத்துக் கட்டுப்பாடும் இயங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

அந்தக் கணினியில் வேறு எதற்கும் தேவைப்படாத, ஐ2சி தடத்தை மென்பொருள்களுக்குத் திறந்துவிடும் ஐ2சி-டெவ் என்ற கெர்னல் மாட்யூலைத் தடைப்பட்டியலில் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தேன். பட்டை மறைந்தது, உறைவதும் நின்றது. வெளிச்சத்தை இப்போது மானிட்டரின் பொத்தானிலேயே மாற்றுகிறோம். அப்பாடா என்றிருக்கிறது.