ஒரே வடிவம், பல பொருள்கள்: இளம் சிற்பிக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

சிற்பம் பயிலும் இளையவர்கள் பலர், முதலில் ஒரு கருத்தை மனத்தில் முழுமையாக வகுத்துக்கொண்டு, அதன் பிறகே அதை எந்தப் பொருளில் செய்வது என்று யோசிக்கிறார்கள். கருத்தும் பொருளும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு வளர்வதே நல்லது என்பதால், இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பண்டைக் கிரேக்கர்கள் வெண்கலத்தில் வார்த்த உருவங்களை ரோமானியர் காலத்துச் சிற்பிகள் பளிங்கில் படியெடுத்தபோது, பல உருவங்களின் காலை ஒட்டி ஒரு மரத்தண்டையும் சேர்த்துச் செதுக்க வேண்டியிருந்தது. உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்த வெண்கலம் இரண்டு கணுக்கால்களில் நின்றுவிடும். பளிங்கின் முழு எடையையும் அதே கணுக்கால்கள் தாங்கமாட்டா. பொருள் மாறியதும் சிற்பமும் மாறிவிட்டது. இத்தகைய மாற்றங்களை நாமே திட்டமிட்டு வரவழைத்துப் பார்க்கும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

தனிமை, காலம் போன்ற பெரிய தலைப்புகள் தொடக்கத்தில் உதவுவதில்லை. கையால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு வடிவச் சிக்கலைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இரண்டு திரள்கள், நடுவில் துளையுள்ள ஒரு முட்டை வடிவம், ஒரே புள்ளியில் தரையைத் தொடும் ஒரு வளைவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். உயரம் 10 முதல் 15 செ.மீ. வரை இருக்கட்டும். ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் கூழாங்கற்களையும் எலும்புகளையும் சேகரித்து, அவற்றின் வடிவங்களிலிருந்து கைக்கு அடக்கமான சிறு மாதிரிகளைச் செய்தார். அவருடைய பெரிய சிற்பங்கள் பல அப்படிப்பட்ட மாதிரிகளிலிருந்து வளர்ந்தவை. சிறிய உருவைக் கையில் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் பார்க்கலாம் என்பதோடு, சரியில்லை என்றால் அழித்துவிடவும் மனம் வரும்.

முதலில் களிமண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். விரலின் ஒவ்வொரு அழுத்தத்தையும் அது அப்படியே காட்டிவிடுவதால், உங்கள் கை தானாக எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கண்டறிய இதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் காய்ந்து, சூளையில் சுட்டு எடுப்பதற்குள் களிமண் வகைகள் பலவும் ஏறத்தாழ 10 சதவீதம் சுருங்கிவிடும். உருவைத் தாங்க உள்ளே கம்பிக்கூடு இருந்தால் அது சுருங்காது, மண் மட்டும் சுருங்கி வெடிப்பு விடும். ஆகவே கம்பிக்கூட்டின் மேல் கட்டிய உருவை அச்செடுப்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். சுடப்போகும் உருவைத் திண்மையாகக் கட்டி, பாதி காய்ந்த பதத்தில் கம்பியால் இரண்டாக அறுத்து, சுவர் 1 முதல் 2 செ.மீ. கனம் இருக்குமாறு உள்ளே குடைந்து எடுத்து, அறுத்த விளிம்புகளைக் கீறி, மண் குழம்பு தடவி மீண்டும் ஒட்ட வேண்டும். காற்று வெளியேற ஒரு சிறு துளையும் தேவை. சூளையில் உருக்கள் வெடிப்பதற்குக் காற்றுக்குமிழிகளே காரணம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், கனமான சுவரில் தங்கிய ஈரம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வருவதே பெரும்பாலும் காரணம். பொறுமையாக உலர விடுவதே இதற்கு மருந்து.

அதே வடிவத்தை அடுத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்யுங்கள். பாத்திரத்தில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதன் மேல் தூளைச் சிறிது சிறிதாகத் தூவி, பரப்பில் தூள் திட்டுத்திட்டாகத் தெரியும்போது நிறுத்தி, அது ஊறிய பிறகு குமிழி எழாமல் மெதுவாகக் கலக்க வேண்டும். இறுகும்போது அது வெப்பத்தை வெளியிடும்; கையையோ உடலின் வேறு பகுதியையோ அதற்குள் வைத்து அச்செடுக்க முயன்றால் கடுமையான தீக்காயம் ஏற்படக்கூடும். மீந்த கலவையைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் அங்கேயே இறுகி அடைத்துக்கொள்ளும். கருத்தை வளர்க்க எனக்கு மிகவும் உகந்த பொருள் பிளாஸ்டர்தான். களிமண்ணைப் போல மேலே சேர்க்கலாம், கல்லைப் போலச் செதுக்கிக் குறைக்கலாம், நேற்று வெட்டியதை இன்று நிரப்பலாம். பழைய பரப்பில் புதிய கலவையைச் சேர்க்கும் முன் அதை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒட்டாமல் உதிர்ந்துவிடும்.

மெழுகு, மெல்லிய தகடுகளையும் நுனிகளையும் அனுமதிக்கும். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரியில் உருகும். நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தினுள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். மரம் இழையின் குறுக்கே அதிகமாகவும் நெடுக்கே மிகக் குறைவாகவும் சுருங்குவதால், மெல்லிய நீட்சிகள் இழையின் போக்கிலேயே அமைய வேண்டும். கல்லில் தொடங்க மாக்கல் போன்ற மென்மையான வகை ஏற்றது. கல்தூளும் காய்ந்த களிமண் தூளும் நுரையீரலைக் கெடுக்கக்கூடியவை. நுண்துகளைத் தடுக்கும் முகமூடி அணியுங்கள், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

துணி, கயிறு, காகிதக்கூழ், ரப்பர்ப்பால் போன்றவற்றையும் தயங்காமல் முயலலாம். அமெரிக்கச் சிற்பி ஈவா ஹெஸ் 1960களின் பிற்பகுதியில் ரப்பர்ப்பாலையும் கண்ணாடியிழையையும் கொண்டு, தொங்கியும் தளர்ந்தும் கிடக்கும் வடிவங்களை உருவாக்கினார். திண்மையே சிற்பத்தின் இயல்பு என்ற எண்ணத்தை அவை அசைத்தன. அவர் 1970ல் மறைந்தார். ரப்பர்ப்பாலில் செய்த பல படைப்புகள் பின்னர் நிறம் கருத்து நொறுங்கத் தொடங்கின. ஒரு பொருள் நீடிக்காது என்பது அதை ஒதுக்குவதற்குக் காரணமாகாது, ஆனால் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஓர் எண்ணை எழுதி, நோட்டில் அதே எண்ணின்கீழ் கலவை விகிதம், கனம், உலர்ந்த நேரம், எங்கே விரிசல் விட்டது என்பவற்றைக் குறித்துவையுங்கள். ருமேனியாவில் பிறந்த சிற்பி பிரான்குசி தம் சிற்பங்களைத் தாமே ஒளிப்படம் எடுத்தார். நீங்களும் எல்லாத் துண்டுகளையும் ஒரே வெளிச்சத்தில், நான்கு பக்கங்களிலிருந்தும் படமெடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். எது பொருளால் வந்தது, எது உங்களிடமிருந்து வந்தது என்பது அப்போது தெளிவாகும். எல்லாப் பொருள்களிலும் விடாமல் திரும்பி வரும் ஒரு சாய்வோ இடைவெளியோதான் உங்கள் கருத்தின் கரு.

அந்தக் கருவை வளர்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தலைகீழாக நிறுத்துங்கள், பாதியாக வெட்டுங்கள், இரண்டு பிரதிகளை ஒட்டுங்கள். உடைந்தவற்றை எறிய வேண்டாம். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் பிளாஸ்டரில் வார்த்த கைகளையும் கால்களையும் உடற்பகுதிகளையும் சேர்த்து வைத்திருந்து, அவற்றைப் புதிய விதங்களில் இணைத்துப் புதிய உருவங்களைக் கண்டார்.

பெரிதாக்கும் முன் ஒரு கணக்கைப் போடுங்கள். திண்மையான உருவின் எல்லா அளவுகளையும் இரு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். அதைத் தாங்கும் கழுத்தின் அல்லது காலின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். சிறு மாதிரியில் ஒய்யாரமாக நின்ற வளைவு பெரிய அளவில் முறிவதற்கு இதுவே காரணம். ஆகவே மாதிரியின் வெளிக்கோட்டை முழு அளவில் அட்டையில் வெட்டி, சிற்பம் நிற்கப்போகும் இடத்தில் நிறுத்தி, அருகிலிருந்தும் தொலைவிலிருந்தும் பார்த்து, தாங்கும் பகுதியைத் தடிமனாக்குவதா, உள்ளே குடைவதா, வேறு பொருளுக்கு மாறுவதா என்று முடிவு செய்த பிறகே பெரிய வேலையைத் தொடங்குங்கள்.