பெல்ட் யாருக்குப் போகவேண்டும்?

புளியந்தோப்பில் அண்ணன் மகனும் அவன் கூட்டாளிகளும் மொட்டை மாடியில் பழைய மெத்தைகளைப் போட்டு, சுற்றிலும் கொடிக்கயிறு கட்டி மல்யுத்த வீடியோ எடுக்கிறார்கள். அட்டையில் வெட்டித் தங்கத்தாள் ஒட்டிய சாம்பியன் பெல்ட்கூட உண்டு. "கடைசி சண்டையில யாரு ஜெயிக்கணும் சித்தப்பா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. யார் யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவு செய்வதைத்தான் அந்தத் தொழிலில் புக்கிங் என்கிறார்கள். பெரிய கம்பெனிகளே அதில் சறுக்கியிருக்கின்றன.

முதலில் ஸ்டிங் என்ற மல்யுத்த வீரரின் கதையைச் சொன்னேன். டபிள்யூசிடபிள்யூ என்ற அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியில் ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர் கிட்டத்தட்ட வாயே திறக்கவில்லை. முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு, அரங்கத்தின் கூரைச் சட்டங்களில் நின்று எதிராளி ஹல்க் ஹோகனின் கும்பலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் இறங்கிவந்து ஹோகனை வெளுக்க வேண்டும், ஜனங்கள் காத்திருந்தது அதற்குத்தான். 1997 டிசம்பர் 28, அந்தக் கம்பெனியின் பெரிய நிகழ்ச்சியான ஸ்டார்கேட்டில் அந்த மோதல். நடுவர் ஹோகனுக்காக வேகமாக எண்ணுவார், பிரெட் ஹார்ட் என்ற இன்னொரு வீரர் வந்து தட்டிக்கேட்பார், ஆட்டம் மறுபடி தொடங்கும் என்று சுற்றிவளைத்து எழுதியிருந்தார்கள். நடுவரோ சாதாரண வேகத்திலேயே எண்ணிவிட்டார். பார்த்தவர்கள் கண்ணுக்கு ஸ்டிங் நியாயமாகவே தோற்றிருந்தார். அப்புறம் பெல்ட் அவர் கைக்கு வந்தும் அந்தச் சூடு வரவில்லை. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரிந்து குத்துச்சண்டை பார்த்த ஊர் நம்முடையது. நடுவர் எண்ணுவதில் ஒரு சந்தேகம் வந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். நேரான முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கு நேராகவே கொடுங்கள்.

பயமுறுத்தும் கேரக்டரை அவசரத்தில் செலவழிப்பது அடுத்த தவறு. சின்ன வயதில் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று நாங்கள் சத்தியமாக நம்பினோம். மல்யுத்தச் சீட்டு விளையாட்டில் அவர் கார்டு கைக்கு வந்தால் யாருக்கும் மாற்றிக் கொடுக்கமாட்டோம். அந்த மாதிரி பயத்தை வளர்க்க வருஷங்கள் ஆகும். பிரே வயட் என்ற வீரரின் 'ஃபீண்ட்' அப்படி வளர்ந்துவந்த கேரக்டர். 2020 பிப்ரவரியில் ரியாத்தில், 53 வயது கோல்ட்பர்க்கிடம் சுமார் மூன்று நிமிஷத்தில் தோற்கவைத்தார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கூட்டம் யாருக்குக் கத்துகிறது என்று கேட்காமல் எழுதுவது இன்னொன்று. டபிள்யூடபிள்யூஇ கம்பெனியின் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், 2012-ல், டேனியல் பிரையன் என்ற வீரரை 18 விநாடியில் தோற்கடித்தார்கள். ஜனங்கள் விடவில்லை, 'யெஸ்! யெஸ்!' என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். 2014 ரெஸில்மேனியாவின் கடைசிச் சண்டையில் அவர் ஜெயித்தே ஆகவேண்டியதாயிற்று.

எழுதுகிறவரே பெல்ட்டை எடுத்துக்கொண்ட கதையும் உண்டு. 2000 செப்டம்பரில் டபிள்யூசிடபிள்யூவின் கதை எழுத்தாளர் வின்ஸ் ருஸ்ஸோவே சாம்பியன் ஆனார். அடுத்த மார்ச்சில் அந்தக் கம்பெனி போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. அது மட்டும் காரணமில்லை, ஆனாலும் அந்த முடிவு எவருக்கும் இனிக்கவில்லை.

இதைக் கேட்டதும் பையன் முகம் மாறியது. கடைசி சண்டையில் ஜெயிப்பதாக அவன் எழுதிவைத்திருந்தது தன்னையேதான். பக்கத்து மாடிப் பிள்ளைகள் விசிலடிப்பதோ, ஒவ்வொரு வாரமும் அடி வாங்குகிற அந்த ஒல்லிப் பையனுக்கு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பெல்ட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "அவன் இடுப்புக்கு இது நிக்காது, இன்னும் ரெண்டு ஓட்டை போடணும்" என்றான்.