யார் ஜெயிப்பார் என்று சொல்வதற்கு முன்

குத்துச்சண்டையில் இடி மாதிரி குத்துகிற ஒருவரும் பிடி கொடுக்காமல் நழுவுகிற ஒருவரும் மோதப்போகிறார்கள் என்றால், பலரும் முதலில் போடுவது ஒரு சங்கிலிக் கணக்கு. இவர் அவரை அடித்தார், அவர் இன்னாரை அடித்தார், அப்போ இவர் இன்னாரையும் அடித்துவிடுவார். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள்.

1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதினார்கள். அன்று இந்தக் கணக்கு முழுக்க ஃபோர்மன் பக்கம்தான் இருந்தது. அலியை 1971-ல் தோற்கடித்த ஜோ ஃப்ரேசியரை ஆறு முறை கீழே சாய்த்து இரண்டே ரவுண்டில் முடித்தவர் ஃபோர்மன், அலியின் தாடையை உடைத்த கென் நார்டனுக்கும் அதே இரண்டு ரவுண்டுதான். ஆனால் ஃப்ரேசியர் குனிந்தபடி நெருங்கி வருகிறவர், ஃபோர்மனின் அப்பர்கட்டுக்கு, அதாவது கீழிருந்து மேலே வரும் குத்துக்கு, தானே தலையைக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அலி அப்படி வருகிற ஆளே இல்லை.

அப்புறம் நாக் அவுட், அதாவது எதிராளியை எழ முடியாமல் அடித்துச் சாய்த்த எண்ணிக்கை. ஃபோர்மனுக்கு 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட் என்றதும் மிரண்டுபோனவர்கள், அவர் கடைசியாக ஜெயித்த சண்டைகள் எவ்வளவு சீக்கிரம் முடிந்தன என்று பார்க்கவில்லை. சீக்கிரம் முடிக்கிறவருக்கு ஆறாவது ரவுண்டில் மூச்சு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அலி சுற்றிச்சுற்றி ஓடுவார் என்று நினைத்ததும் தவறுதான். அவர் மேடையைச் சுற்றியுள்ள கயிற்றில் சாய்ந்து, முகத்தைக் கையுறைகளால் மூடி, வயிற்றுக்கும் விலாவுக்கும் வந்த குத்துகளைக் கைகளிலேயே வாங்கிக்கொண்டார். அந்தப் புழுக்கத்தில் ஃபோர்மனின் கை ரவுண்டுக்கு ரவுண்டு கனத்துக்கொண்டே போனது, எட்டாவது ரவுண்டு முடியப்போகும் நேரத்தில் அலியின் வலது கைக் குத்து விழ, ஃபோர்மன் அரை வட்டம் சுழன்று தரையில் சரிந்தார்.

அதனால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இரண்டு பேருக்கும் நடுவே உள்ள இடைவெளியை யார் தீர்மானிக்கப்போகிறார்? 1980 ஜூனில் மாண்ட்ரியலில் சுகர் ரே லெனார்ட், ராபர்டோ டுரானோடு நெருங்கி நின்று குத்திப் பார்த்தார், அது டுரானின் ஆட்டம், புள்ளிகளில் தோற்றார். ஐந்தே மாதத்தில் நியூ ஆர்லியன்ஸில் விலகி விலகி ஆடியதும் டுரான் எட்டாவது ரவுண்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சண்டையையே விட்டுவிட்டார். அதே இரண்டு பேர்தான். எடை கூடி, அதை அவசரமாகக் குறைத்துக்கொண்டு டுரான் வந்திருந்தார் என்பதும் உண்மை, ஆகவே உடல் எந்த நிலையில் வருகிறது என்றும் பாருங்கள்.

புள்ளி போடுகிற நடுவர்களையும் மறக்க வேண்டாம். 1987-ல் லாஸ் வேகாஸில் மார்வின் ஹேக்லர் விடாமல் முன்னேறினார், லெனார்டோ ரவுண்டு முடியும் தறுவாயில் படபடவென்று குத்துகளை அள்ளி வீசினார். ஒரு நடுவர் ஹேக்லருக்கு 115-113 கொடுத்தார், இன்னொருவர் அதே 115-113-ஐ லெனார்டுக்கு, மூன்றாமவர் லெனார்டுக்கு 118-110.